பிள்ளை சாப்பிட்ட கணக்கு: கம்ப்யூட்டர் கேட்கிறது, அம்மா சொல்கிறாளா?

"என் பிள்ளை ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கறான், டாக்டர்!"

குழந்தை வைத்தியரிடம் போகும் தாய்மார்கள் பலரும் சொல்வது இதைத்தான். டாக்டர் பிள்ளையை எடை மிஷினில் ஏற்றி நிறுத்துகிறார். மிஷின் காட்டும் எடையோ வேறு கதை சொல்கிறது!

அம்மா பொய் சொல்லவில்லை. தட்டில் மிச்சம் வைத்த சாதம் அவள் கண்ணில் படுகிறது. ஸ்கூல் விட்டு வந்ததும் டீவி முன்னால் காலியான பிஸ்கட் பாக்கெட், பாட்டி ஆசையாகக் கொடுத்த முறுக்கு, தி.நகருக்கு ஜவுளி எடுக்கப் போன இடத்தில் கேட்டு வாங்கிய ஐஸ்கிரீம் இவையெல்லாம் கணக்கில் வருவதில்லை.

நம் ஊர் நிலவரம்

கோபாலபுரத்தில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், சென்னையில் 6 முதல் 17 வயது வரையுள்ள 18,955 பள்ளிக் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் அளந்து பார்த்தது. 2014-ல் வெளியான முடிவின்படி, தனியார் பள்ளிகளில் 21.4 சதவீதக் குழந்தைகளுக்கு வயதுக்கு மீறிய எடை. அரசுப் பள்ளிகளில் அது 3.6 சதவீதம்தான். பார்த்தீர்களா வித்தியாசத்தை!

எடை கூடியிருக்கிறது என்று மிஷின் சொல்லும். ஏன் கூடியது என்று சொல்லாது. அதற்குச் சாப்பாட்டையும் ஓடியாடுவதையும் அளக்க வேண்டும். இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது.

கம்ப்யூட்டர் எப்படிக் கேட்கிறது?

இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் உருவானது 'இன்டேக்24'. 11 முதல் 24 வயது வரையுள்ளவர்களுக்காக முதலில் தயாரித்தார்கள். "நேற்று எந்தெந்த வேளையில் என்ன சாப்பிட்டாய்?" என்று ஆரம்பிக்கும். அப்புறம் தட்டுகளின் படம் காட்டும். ஒரே பண்டம், கொஞ்சத்திலிருந்து நிறைய வரை. "இதில் உன் தட்டு எது? எவ்வளவு மிச்சம் வைத்தாய்? நடுவில் ஏதாவது கொறித்தாயா?" என்று விடாமல் கேட்கும். பதிலை வைத்து மாவுச்சத்து, புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடும்.

தெற்காசியச் சாப்பாட்டுக்கென்றும் இதை மாற்றியமைத்திருக்கிறார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உணவுகள் அடங்கிய அந்த வேலையில் நம் கோபாலபுரத்து நிறுவனமும் பங்கேற்றது. அது பெரியவர்களிடம் ஆராய்ச்சிக்காகக் கேட்பது. ஆனால் கேட்கும் முறையை நாம் வீட்டிலேயே பின்பற்றலாமே!

ஓடியாடுவதை அளக்க 'ஆக்ஸிலரோமீட்டர்' என்ற சிறு கருவி. இடுப்பில் பெல்ட்டோடு கட்டிவிட்டால், உடம்பு அசைவதை வினாடிக்குப் பலமுறை பதிவு செய்யும். ஆனால் பிள்ளை சைக்கிள் மிதித்தால் இடுப்பு அதிகம் அசையாது. கருவி குறைத்துத்தான் காட்டும். நீச்சலுக்கு முன் கழற்றி வைத்தால் அந்த நேரமும் போச்சு. ஆக, கருவி சொல்வதோடு அம்மா சொல்வதும் வேண்டும்.

மூன்று நாள் நோட்டு

ஸ்கூல் உள்ள நாள் இரண்டு, லீவு நாள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

• சாப்பிட்ட உடனே எழுதுங்கள். ராத்திரி யோசித்தால் பாதி மறந்துபோகும்.

• "கொஞ்சம் சாதம்" என்று எழுதாமல் எத்தனை கரண்டி, எத்தனை டம்ளர் என்று எழுதுங்கள். மிச்சம் வைத்ததைக் கழித்துவிடுங்கள்.

• பால், ஜூஸ், அதில் போட்ட சர்க்கரை எல்லாம் எழுதுங்கள். ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 5 கிராம். காலையும் மாலையும் பாலில் இரண்டிரண்டு ஸ்பூன் என்றால் நாளைக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம்! பிஸ்கட், சாக்லேட் தனி.

• பாட்டியிடமும் ஸ்கூல் வேன் தோழர்களிடமும் வாங்கித் தின்றதைச் சிரித்துக்கொண்டே கேளுங்கள். அதட்டினால் பிள்ளை மறைக்கும். மறைத்ததைக் கம்ப்யூட்டராலும் கண்டுபிடிக்க முடியாது.

• விளையாடிய நிமிஷம் ஒரு பக்கம், டீவி, செல்போன் பார்த்த நிமிஷம் எதிர்ப்பக்கம். 5 முதல் 17 வயது வரை சராசரியாகத் தினம் 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2 முதல் 4 வயதுக் குழந்தை உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது.

ஒரு எச்சரிக்கை

செல்போனில் கிடைக்கும் உடல் இளைக்கும் 'ஆப்' பெரும்பாலும் பெரியவர்களுக்கானது. வளரும் பிள்ளையின் சாப்பாட்டை அதைப் பார்த்துக் குறைக்காதீர்கள். "குண்டு" என்று கூடப்பிறந்தவர்கள் எதிரில் சொல்லவே சொல்லாதீர்கள். நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். வயது, உயரம், எடையை வளர்ச்சி அட்டவணையில் வைத்துப் பார்த்து அவர் சொல்லுவார். "ஒண்ணுமே சாப்பிடலை" என்று நீங்கள் கவலைப்பட்ட ஒல்லிப் பிள்ளை போதுமான அளவு சாப்பிடுகிறது என்றும் அந்த நோட்டிலிருந்தே தெரியவரலாம்!

விளையாட்டுக் கணக்கு குறைந்தால் மயிலாப்பூர்க்காரர்களுக்கு நாகேஸ்வர ராவ் பூங்கா, தி.நகர்க்காரர்களுக்கு நடேசன் பூங்கா, அடையாறுக்காரர்களுக்குப் பெசன்ட் நகர் கடற்கரை இருக்கவே இருக்கின்றன. சாயங்காலம் நீங்களும் கூடப் போய் நடந்துவிட்டு வாருங்கள்.