ஓங்கில்களும் நாமும்

கார்த்திகை பிறந்ததும், கனமூலையைக் கடந்து பாலாவிச் சந்தியில் கற்பிட்டிக்குத் திரும்பும் வாகனங்கள் பெருகிவிடுகின்றன. சித்திரை வரையில் மேற்குக் கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். அவ்வமயம் ஓங்கில் காண விழைவோர் குடும்பத்தோடு புறப்படுகின்றனர். இன்று யாவரும் டொல்பின் என்னும் உயிரையே கடலோரத் தமிழர் ஓங்கில் என வழங்கினர். எம் மாணவருட் சிலர் இன்னமும் அதை மீனென்றே எழுதுகின்றனர். அது நுரையீரலால் மூச்சுவிட்டுக் குட்டிக்குப் பாலூட்டும் பிராணி.

கற்பிட்டிக்கு அப்பால் மிகுதியாகத் தென்படுவது நீரினின்று பாய்ந்து பம்பரம்போற் சுழன்று விழும் இனமாகும். நூற்றுக்கணக்கில் கூட்டமாய்த் திரியும். இரவெல்லாம் ஆழ்கடலிலே சிறு மீனையும் கணவாயையும் வேட்டையாடிவிட்டுப் பகலில் இளைப்பாறுவது இதன் இயல்பு. ஆகவே காலையில் நாம் காணச் செல்வது, இராவேலை முடித்து ஓய்வு நாடும் ஒரு குடும்பத்தை! அதனைப் பல படகுகள் நாற்புறமும் வளைத்துத் துரத்தினால் ஓய்வு கெடும். குட்டி தாயைப் பிரியவும் கூடும்.

கற்பிட்டிக்கு அருகிலுள்ள பவளப்பாறைத் திட்டு 1992இல் சரணாலயமாக்கப்பட்டது. கடற்பாலூட்டிகளைக் காணச் செல்வோர்க்கு 2012இல் விதிகளும் வகுக்கப்பட்டன. ஆனால் படகுதோறும் ஓர் அதிகாரியை ஏற்றி அனுப்ப இயலுமா? படகில் இருப்பவர் நாமே. பணங்கொடுத்தவர், "இன்னும் கிட்டப் போங்கள்" என்றால் படகோட்டி என் செய்வார்? அவர் வீட்டு அடுப்பெரிவது நம் மனநிறைவினாலன்றோ! எனவே கரையிலேயே, "தூரத்தில் நின்று பார்த்தாற் போதும், அண்ணே" என்று சொல்லிவிடுதல் நன்று. கூட்டத்தைப் பிளந்தோ, அதன் முன்னே குறுக்கிட்டோ செல்லாது, வேகத்தைத் தணித்துப் பக்கவாட்டில் செல்லச் செய்க. இரை எறிதலும் நீரிற் குதித்தலும் வேண்டா.

வலையிற் சிக்கும் ஓங்கில் மேலே வந்து மூச்செடுக்க இயலாது மாள்கிறது. வலையை அறுத்து அதனை விடுவிக்கும் மீனவர்க்கு நேரும் நட்டம் சிறிதன்று. அதனை ஈடுசெய்ய வழி காணாது அவரை மட்டும் குறைகூறுதல் நீதியாகாது. சுறாவுக்கு இரையாக்கவும் இறைச்சிக்காகவும் ஓங்கிலைக் கொன்றோரும் உளர். இது சட்டவிரோதம். மலிவாகக் கிடைப்பினும் அவ்விறைச்சியை வாங்காதிருத்தல் இல்லத்தரசியர் கையில் உள்ளது.

2023 பெப்ரவரியில் கற்பிட்டிக் குடாவைக் கரையில் 14 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. பெயர் திமிங்கிலமாயினும் இவை ஓங்கிற் குடும்பத்தனவே. மூன்று மாண்டன, பதினொன்று கடற்படையினரின் முயற்சியால் மீண்டும் கடல் சேர்ந்தன. இவ்வாறு ஒதுங்கியதைக் கண்டால் முதலில் வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ கடற்படைக்கோ அறிவிக்க வேண்டும். அவர்கள் வருமளவும் வயிறு கீழாக இருத்தி, ஈரத்துணி போர்த்து, நீர் ஊற்றி வருக. தலையுச்சியிலுள்ள மூச்சுத்துளையில் துணியோ நீரோ மணலோ படலாகாது. வாலையோ துடுப்பையோ பற்றி இழுத்தலும், சூழ்ந்து நின்று கூச்சலிட்டுப் படம் பிடித்தலும் கூடா. இறந்து ஒதுங்கியதாயினும் புதைக்குமுன் அறிவித்தல் அவசியம். வலையோ, நோயோ, படகின் விசிறியோ அதனைக் கொன்றது எதுவென உடலை ஆராய்ந்தே அறிஞர் கூற இயலும்.