ஒளி இழந்த ஆற்றல் எங்கே போனது?

பொதுத்தேர்வு நெருங்க நெருங்க, மாணவர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம். ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்கிறது பாடநூல்; விரியும் பிரபஞ்சத்தில் ஒளி ஆற்றலை இழக்கிறது என்கிறது வானியல். தேர்வில் பாடநூல் சொல்வதையே எழுதலாம். ஆனால் அந்த விதி எந்த நிபந்தனையில் நிற்கிறது என்பதைப் பாடநூல் சொல்லாமல் விட்டதுதான் குழப்பத்தின் வேர்.

ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் 1965இல் அறிவித்த நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு, பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்டது. அதன் வெப்பநிலை அன்று ஏறத்தாழ 3,000 கெல்வின், இன்று 2.725. இடையில் பிரபஞ்சம் சுமார் 1,100 மடங்கு விரிய, ஒளியின் அலைநீளமும் அத்தனை மடங்கு நீண்டது. ஒவ்வொரு ஃபோட்டானிடமும் எஞ்சியிருப்பது 1,100இல் ஒரு பங்கு ஆற்றல்தான். ஃபோட்டான்களின் எண்ணிக்கையோ குறையவில்லை.

மீதி எங்கே? விரிவுக்காக உழைத்துச் செலவானது என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். பிஸ்டனைத் தள்ளும் வாயு அப்படித்தான் குளிர்கிறது. ஆனால் பிஸ்டனுக்கு மறுபக்கம் உண்டு. எங்கும் ஒரே அழுத்தம் நிறைந்த பிரபஞ்சத்தில் தள்ளப்படுவது எது? செலவை எழுதிவிட்டு வரவை எழுதாத கணக்கு இது.

விடை 1918இலேயே வந்துவிட்டது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் ஆற்றல் கணக்கு இடறியபோது, கோட்டிங்கனில் கணிதவியலாளர்கள் ஹில்பர்ட்டும் கிளைனும் உதவி நாடியது எம்மி நோத்தரிடம். பெண் என்பதால் சொந்தப் பெயரில் பாடம் நடத்தவும் பல்கலைக்கழகம் அவரை அனுமதிக்காத காலம் அது. ஓர் அமைப்பை ஆளும் விதிகளும் அதன் பின்புலமும் காலத்தால் மாறாதிருந்தால், அதன் விளைவாகவே மொத்த ஆற்றலும் மாறாதிருக்கும் என்று அவர் நிறுவினார். விரியும் வெளி நேற்று இருந்தபடி இன்று இல்லை. நிபந்தனையே இல்லாத இடத்தில் மொத்த ஆற்றல் மாறாமல் இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை; இழந்த ஆற்றல் எங்கேனும் போய்ச் சேர்ந்திருக்கவும் வேண்டியதில்லை.

ஈர்ப்பின் ஆற்றலையும் சேர்த்தால் கணக்கு நேராகும் என்போர் உண்டு. அந்த ஆற்றல் எந்த இடத்தில் எவ்வளவு என்று ஒரே விதமாகச் சொல்ல வழியில்லாதபோது, அது நேராக்குவதற்காகவே சேர்த்த தொகையாகத்தான் தெரிகிறது.

விரிவை விரைவுபடுத்துவதாகக் கருதப்படும் இருண்ட ஆற்றலின் கணக்கு என்ன? அதன் அடர்த்தி மாறாதது என்றால், வெளி பெருகும்போது மொத்தமும் பெருகும்.

அப்படிப் பெருகும் ஆற்றலிலிருந்து மின்சாரம் எடுக்கலாமா? முடியாது, பின்புலம் மாறாத ஆய்வகத்திலும் மின்நிலையத்திலும் பழைய விதியே செல்லும்.

வெளி விரிந்தால் நம் உடலும் விரிகிறதா? இல்லை, அணுக்களை மின்விசை பிணைத்து வைத்திருக்கிறது.