கரி சொல்லும் காலம்

நுழையும்முன்

பானை ஓட்டில் தன் பெயரைக் கீறியவர் ஆண்டைக் குறித்து வைக்கவில்லை. அடுப்பில் விறகெரித்தவரும் நாளைப் பதிந்து வைக்கவில்லை. ஆயினும் அவ்வடுப்பில் எஞ்சிய கரித்துண்டு, தான் மரமாக வாழ்ந்த காலத்தை இன்றளவும் தன்னுள் காத்து வருகிறது. அதனைப் படித்தறியும் வழியைக் கதிரியக்கச் சிதைவு பற்றிய அறிவு நமக்குத் தருகிறது.

கதிரியக்கம் அறியப்பட்ட வரலாறு

1896ஆம் ஆண்டு, பாரிசில் ஹென்றி பெக்கரல் யுரேனிய உப்பை ஆராய்ந்து வந்தார். கதிரவன் ஒளி பட்ட பின்னரே அவ்வுப்பு ஊடுருவும் கதிர்களை வெளியிடும் என அவர் கருதினார். வானம் மேகமூட்டமாக இருந்தமையால், கறுப்புத்தாளில் சுற்றிய ஒளிப்படத் தகட்டையும் உப்பையும் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். பின்னர்த் தகட்டைக் கழுவிப் பார்த்தபோது, ஒளியே படாத நிலையிலும் அதில் உப்பின் வடிவம் தெளிவாகப் பதிந்திருந்தது. கதிர்கள் உப்பிலிருந்து தாமாகவே வெளிப்பட்டன என்பது புலனாயிற்று. இப்பண்பிற்குக் 'கதிரியக்கம்' என்னும் பொருள்படும் பெயரை மேரி கியூரி 1898இல் சூட்டினார். அவரும் அவருடைய கணவர் பியரி கியூரியும் அதே ஆண்டில் பொலோனியம், ரேடியம் ஆகிய தனிமங்களைக் கண்டறிந்தனர்.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் தோரியத்தை ஆராய்ந்த ரூதர்போர்டும் சாடியும் அடுத்த படியை எட்டினர். கதிரியக்கத்தின்போது ஒரு தனிமம் வேறொரு தனிமமாக மாறுகிறது என அவர்கள் நிறுவினர். தனிமங்கள் மாறாதவை என்னும் நெடுநாள் கொள்கை இதனால் திருத்தம் பெற்றது.

அணுக்கருவின் சிதைவு

அணுக்கருவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் உள்ளன. இவற்றின் எண்ணிக்கை தகுந்த அளவில் அமையாதபோது அணுக்கரு நிலைப்புத்தன்மையை இழக்கிறது. துகள்களை வெளியிட்டு நிலைப்புத்தன்மையை நாடுகிறது.

ஆல்ஃபா சிதைவில் இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் ஒன்றாக வெளியேறுகின்றன. அதனால் யுரேனியம்-238, தோரியம்-234 ஆகிறது. பீட்டா சிதைவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாற, ஓர் எலக்ட்ரான் வெளியேறுகிறது. அணு எண் ஒன்று கூடும். நிறை எண் மாறாது. காமா கதிர் வெளிப்படும்போது ஆற்றல் மட்டுமே குறைகிறது, தனிமம் மாறுவதில்லை.

வேதிவினைகள் அணுவின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைச் சார்ந்தவை. சிதைவோ அணுக்கருவிற்குள் நிகழ்வது. ஆகவே மரம் எரிந்து கரியானாலும், மண்ணில் புதையுண்டாலும் அதிலுள்ள கார்பன் அணுக்கருக்களின் சிதைவு வேகம் மாறுவதில்லை. காலத்தை அளக்க இப்பண்பே அடிப்படையாகும்.

அரை ஆயுட்காலம்

குறிப்பிட்ட ஓர் அணுக்கரு எப்போது சிதையும் என எவராலும் கூற இயலாது. அது அடுத்த நொடியிலும் சிதையலாம். பல்லாயிரம் ஆண்டுகள் கழித்தும் சிதையலாம். ஆனால் கோடானுகோடி அணுக்களைச் சேர்த்து நோக்கும்போது ஓர் ஒழுங்கு வெளிப்படுகிறது. கதிரியக்கப் பொருளில் உள்ள அணுக்களுள் சரிபாதி சிதைய ஆகும் காலமே அரை ஆயுட்காலம் ஆகும்.

முதல் அரை ஆயுட்காலத்தில் பாதி சிதைந்தால், இரண்டாவதில் மீதி முழுவதும் சிதைந்துவிடும் எனக் கருதுதல் பிழையாகும். எஞ்சியதில் பாதியே சிதையும். இரண்டு அரை ஆயுட்காலத்திற்குப்பின் நான்கில் ஒரு பங்கும், மூன்றுக்குப்பின் எட்டில் ஒரு பங்கும், பத்துக்குப்பின் 1024இல் ஒரு பங்கும் எஞ்சும்.

தெரிந்து தெளிவோம்

சில ஐசோடோப்புகளின் அரை ஆயுட்காலம்:
அயோடின்-131 – 8 நாள் (தைராய்டு மருத்துவம்)
கோபால்ட்-60 – 5.27 ஆண்டு (புற்றுநோய் மருத்துவம்)
கார்பன்-14 – 5730 ஆண்டு (தொல்லியல்)
யுரேனியம்-238 – சுமார் 447 கோடி ஆண்டு (பாறைகளின் வயது)

காற்றில் பிறக்கும் கார்பன்-14

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதி நியூட்ரான்களை உருவாக்குகின்றன. அந்நியூட்ரான் நைட்ரஜன்-14 அணுக்கருவைத் தாக்கும்போது கார்பன்-14 தோன்றுகிறது. அது ஆக்சிஜனுடன் சேர்ந்து கார்பன் டைஆக்சைடாகிக் காற்றில் கலக்கிறது. ஒளிச்சேர்க்கையால் தாவரங்களுக்கும், உணவின் வழியே விலங்குகளுக்கும் மனிதருக்கும் சென்று சேர்கிறது. உயிர்களின் உடலில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்று என்னும் மிகச் சிறிய அளவிலேயே அது இருக்கிறது.

உயிருள்ளவரை, சிதைந்த கார்பன்-14க்கு ஈடாகப் புதியது வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். உயிர் நீங்கியதும் வரவு நின்று விடுகிறது. சிதைவு மட்டும் தொடர்கிறது. கார்பன்-14 பீட்டா சிதைவடைந்து மீண்டும் நைட்ரஜனாகிறது. ஆகவே எஞ்சியுள்ள பங்கை அளந்தால் உயிர் நீங்கிய காலம் விளங்கும். சான்றாக, ஒரு கரித்துண்டில் தொடக்க அளவில் ஏறத்தாழ 73 விழுக்காடு எஞ்சியிருப்பின், அது சுமார் 2600 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகும்.

இம்முறையைச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வில்லார்டு லிபி உருவாக்கினார். முன்பே காலம் தெரிந்த எகிப்தியக் கல்லறை மரங்களைக் கொண்டு அதனைச் சோதித்தார். 1960இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. இன்று சிதைவை எண்ணுவதற்கு மாறாக, எஞ்சியுள்ள கார்பன்-14 அணுக்களையே முடுக்கி நிறை நிறமாலைமானி எண்ணுகிறது. அதனால் ஒரு நெல்மணி அளவு மாதிரியே ஆய்வுக்குப் போதுமானது.

கீழடியும் சிவகளையும்

வைகைக்கரையில் அமைந்த கீழடியின் கரிம மாதிரிகள் அமெரிக்காவிலுள்ள ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட மாதிரியின் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டதாகத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. தாமிரபரணிப் பகுதியைச் சேர்ந்த சிவகளையில், முதுமக்கள் தாழியினுள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது.

இவ்விரு முடிவுகளையும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். சிவகளையில் ஆராயப்பட்டது நெல்லே. ஆதலால் கணித்த காலம் அந்நெல் விளைந்த காலமாகும். கீழடியில் 'ஆதன்', 'குவிரன்' முதலிய பெயர்கள் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. ஆனால் சுட்ட மண்ணின் காலத்தையோ, அதில் கீறிய எழுத்தின் காலத்தையோ கார்பன்-14 நேரடியாகக் கூறுவதில்லை. ஓடும் கரிமப் பொருளும் ஒரே மண்ணடுக்கில், பிற்காலத்தில் கலையாமல் இருந்தன என்பதை அகழாய்வாளர் நிறுவிய பின்னரே, ஒன்றன் காலத்தை மற்றொன்றுக்குக் கூற இயலும். எனவே வேதியியலாளரின் அளவைக்கு நிகராக, மண்ணடுக்கைப் பதிவு செய்பவரின் கவனமும் இன்றியமையாதது.

அளவையின் எல்லைகள்

வளிமண்டலக் கார்பன்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. புவியின் காந்தப்புலமும் கதிரவனின் செயல்பாடும் மாறும்போது அதுவும் மாறியுள்ளது. ஆகவே ஆண்டு தெரிந்த மர வளையங்களை அளந்து திருத்த வரைகோடு ஒன்றை அறிவியலாளர் அமைத்துள்ளனர். அவ்வரைகோடு கி.மு. 800க்கும் கி.மு. 400க்கும் இடையே ஏறத்தாழச் சமதளமாகச் செல்கிறது. அதனால் அக்கால மாதிரிகளுக்கு ஒற்றை ஆண்டைக் காட்டிலும் அகன்ற கால எல்லையே கிடைக்கிறது. கீழடியின் காலமும் இப்பரப்பிற்குள் அடங்குவதால், ஒரு மாதிரியை நம்பி நில்லாமல் பல மாதிரிகளை ஒப்பிடுதல் வேண்டும்.

பழைய மரத்தின் வைரப்பகுதியை எரித்திருந்தால், கரி அடுப்பைவிட முதுமையான காலத்தைக் காட்டும். பிற்கால வேர்கள் கலந்திருந்தால் இளமையான காலத்தைக் காட்டும். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவற்றில் அளக்கப் போதிய கார்பன்-14 எஞ்சுவதில்லை.

எல்லைகளை அறிவிப்பது அறிவியலுக்குக் குறைவன்று. அதுவே அதன் வலிமை. நம் தொன்மையைப் பெருமிதத்தால் மட்டும் நிறுவ இயலாது. ஐயுறுவோரும் தம் ஆய்வகத்தில் மீண்டும் அளந்து உறுதிசெய்யக்கூடிய சான்றே நிலைபெறும். அத்தகைய சான்று, அகழாய்வுக் குழியில் கைபடாமல் எடுக்கப்படும் சிறு கரித்துண்டிலிருந்து தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்...

1. ஒரு மரத்துண்டில் கார்பன்-14இன் தொடக்க அளவில் எட்டில் ஒரு பங்கே எஞ்சியுள்ளது. அதன் வயதைக் கணக்கிடுக.
2. கல்லாயுதம், எலும்பு, நெல் உமி, இரும்புக் கத்தி ஆகியவற்றுள் கார்பன்-14 முறையால் நேரடியாகக் காலம் கணிக்கத்தக்கவை எவை? காரணம் தருக.
3. 'பானை ஓட்டின் அருகில் கிடைத்த கரியின் காலமே ஓட்டின் காலம்' என்னும் கூற்றை ஏற்க வேண்டிய சூழலையும் மறுக்க வேண்டிய சூழலையும் குழுவில் கலந்துரையாடுக.