அமெரிக்கக் கவுண்டிகளில் வேளாண் மானியம்

ஐக்கிய அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு கவுண்டி ஆகும். ஏறத்தாழ நம் மாவட்டம் போன்றது. விவசாயிகளுக்கான மானியச் சட்டத்தை நாட்டின் காங்கிரஸ் இயற்றுகிறது. பணம் யாருக்கு என்பது பெரும்பாலும் கவுண்டி அலுவலகத்தில்தான் முடிவாகிறது. அங்கே 3 முதல் 11 பேர் கொண்ட குழு உண்டு. உறுப்பினர்களை அந்தப் பகுதி விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மானியக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். 2018 ஆம் ஆண்டுச் சட்டம் மக்காச்சோளத்துக்கு ஒரு புஷலுக்கு (சுமார் 25.4 கிலோ) 3.70 டாலர் என்று ஆதார விலை வைத்தது. அந்த ஆண்டின் சராசரிச் சந்தை விலை 3.40 டாலர் என்று கொள்வோம். குறைவு 0.30 டாலர். ஒருவரிடம் 100 'அடிப்படை ஏக்கர்', ஏக்கருக்கு 150 புஷல் பதிவு விளைச்சல் இருந்தால், 85 விழுக்காட்டு ஏக்கருக்கு மட்டும் கணக்கிட்டு 85 × 150 × 0.30 = 3,825 டாலர் கிடைக்கும். (2025 இல் ஆதார விலை 4.10 டாலராக உயர்த்தப்பட்டது.)

அடிப்படை ஏக்கர் என்பது இந்த ஆண்டு விதைத்த நிலம் அன்று. முன்பு பயிரிட்டதாகப் பதிவேட்டில் உள்ள அளவு. மக்காச்சோளப் பதிவுள்ள நிலத்தில் இன்று சோயா விதைத்தாலும் மக்காச்சோளத்துக்கான பணம் வரும். மாணவர்கள் பெரும்பாலும் குழம்புவது இந்த இடத்தில்தான்.

வருமானக் குறைவை ஈடுசெய்யும் வேறொரு திட்டம், கவுண்டியின் சராசரி விளைச்சலை வைத்துக் கணக்கிடுகிறது. கவுண்டி முழுவதும் நன்றாக விளைந்து ஒருவருடைய வயல் மட்டும் கருகினால் அவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. அதற்குப் பயிர்க் காப்பீடு தனியாக வேண்டும்.

பணம் நிலத்தின் பதிவோடு ஒட்டிக்கொள்வதால் வந்த சிக்கல் பழையது. 1933 ஆம் ஆண்டின் வேளாண் சீரமைப்புச் சட்டப்படி, பருத்தி விலையை உயர்த்த, விளைந்து நின்ற சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தி உழுது அழிக்கப்பட்டது. அதற்கான தொகையில் வாரக் குடிகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் பல இடங்களில் நிலவுடைமையாளர்களே அதை வைத்துக்கொண்டார்கள். பயிர்ப் பரப்பு குறைந்ததால் குடிகளை வெளியேற்றவும் செய்தார்கள். இதை எதிர்த்து ஆர்க்கன்சா மாநிலத்தின் பாயின்செட் கவுண்டியில், டைரோன்சா என்ற சிற்றூரில், 1934 இல் 11 வெள்ளையரும் 7 கறுப்பரும் சேர்ந்து தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினர். நிறப்பிரிவினை ஆண்ட அக்காலத்தில் ஒரே சங்கத்தில் இருவரும் இருந்தது துணிச்சலான செயல்.

உள்ளூர் ஆட்களே முடிவெடுப்பது நல்ல ஏற்பாடுதான், உள்ளூர்ப் பாகுபாடு இல்லாத வரையில். தென் மாநிலங்களில் குழுக்கள் நெடுங்காலம் வெள்ளையர் கையில் இருந்தன. கறுப்பின விவசாயிகளுக்குக் கடனும் உதவியும் மறுக்கப்பட்டன, அல்லது விதைப்புக் காலம் கடந்த பின் வந்தன. திமோத்தி பிக்ஃபோர்டு என்ற விவசாயி முன்னின்று 1997 இல் தொடுத்த வழக்கில் 1999 இல் உடன்பாடு ஏற்பட்டு, 15,000க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 100 கோடி டாலர் வழங்கப்பட்டது. காலம் தவறி வந்த மனுக்களுக்காக 2010 இல் மேலும் 115 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

இன்னொரு தடை பத்திரம். உதவி பெற நிலத்துக்குப் 'பண்ணை எண்' வேண்டும். உயில் எழுதாமல் இறந்த பாட்டனின் நிலத்தில் வாரிசுகள் பங்கு பிரிக்காமல் உழுதுவந்தால், காட்டுவதற்குத் தனிப் பத்திரம் இராது. நம் கூட்டுப் பட்டாத் தொல்லையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பத்திரத்துக்குப் பதிலாக வேறு சான்றுகளைக் காட்டியும் எண் பெறலாம் என்ற வழியை 2018 ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்டது.