எலக்ட்ரிக் ஸ்கூட்டர்: ராத்திரி வண்டி எங்கே நிற்கும்?

ஆபீஸில் என் டீமில் இருக்கும் ஒரு தம்பி போன மாதம் கேட்டான். "அண்ணா, நீங்க எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓட்டறீங்களே, நானும் வாங்கலாமா?" அவனுக்குத் தாம்பரத்தில் வீடு, சோழிங்கநல்லூரில் வேலை. போக வர ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கணக்குன்னு வந்துட்டா நமக்கு எக்செல் திறக்காமல் கை சும்மா இருக்காது. அன்று சாயங்காலமே ஒரு ஷீட் போட்டு, "கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்று அனுப்பினேன்.

மறுநாள் அவன் கேட்டது ஒரே கேள்விதான். "எல்லாம் சரிண்ணா, ப்ளக் எங்க?"

அவன் இருப்பது மூன்றாவது மாடி போர்ஷன். வண்டி நிற்பது கீழே, காம்பவுண்டுக்குள், ஐந்து வண்டிகளோடு. அங்கே தண்ணி மோட்டார் ஸ்விட்சைத் தவிர வேறு மின் இணைப்பு கிடையாது. என் ஷீட்டில் பதினெட்டு காலம் இருந்தது, இதுக்கு மட்டும் ஒரு காலம் இல்லை. இந்தப் பதிவு அந்த விட்டுப்போன காலத்தைப் பற்றியது.

முதலில் வண்டியின் கவர்ச்சி

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. லிட்டருக்கு 45 கி.மீ. தரும் ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டருக்கு 0.2 யூனிட் செலவழிக்கிறது என்று அர்த்தம். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஊருக்குள் ஓடும்போது கிலோமீட்டருக்குச் சுமார் 0.03 யூனிட் எடுக்கும். சார்ஜரில் சூடாகப் போகிற நஷ்டத்தையும் சேர்த்தால் 0.035. அதாவது ஆறில் ஒரு பங்கு.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பெட்ரோல் இன்ஜின் தனக்குள் எரியும் எரிபொருளில் பெரும்பகுதியைச் சூடாகவே வெளியே தள்ளுகிறது. சிக்னலில் நிற்கும்போதும் குடிக்கிறது. மோட்டாருக்கு அந்த இரண்டு கெட்ட பழக்கமும் இல்லை. பிரேக் போடும்போது கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி வேறு தரும். "அந்த மின்சாரமே நிலக்கரியில்தானே வருது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அனல் மின் நிலையத்தில் நிலக்கரியின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அந்த நஷ்டத்தையும் கம்பியில் போகிற நஷ்டத்தையும் சேர்த்தாலும், மொத்த ஆற்றல் செலவு பெட்ரோல் வண்டியைவிடக் குறைவுதான். ஆறு மடங்கு என்று பெருமை பேச முடியாது, அவ்வளவுதான்.

யாருக்கு லாபம்?

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம்: ஒன்று அந்தத் தம்பி, இன்னொன்று நான். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எலக்ட்ரிக் வண்டிக்குப் பெட்ரோல் வண்டியைவிட 30,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

தம்பி மாதம் 25 நாள், நாளுக்கு 40 கி.மீ., ஆக 1,000 கி.மீ. ஓட்டுகிறான். பெட்ரோல் 22 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், சுமார் 2,240 ரூபாய். மின்சாரமாக இருந்தால் 35 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 280. மிச்சம் மாதத்துக்கு 1,960. கூடுதலாகக் கொடுத்த 30,000 பதினாறாவது மாதத்தில் திரும்பி வந்துவிடும்.

எனக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. கடை, டியூஷன், ரயில்வே ஸ்டேஷன் என்று மாதம் 180 கி.மீ. ஓட்டினால் அதிகம். 4 லிட்டர் பெட்ரோல், சுமார் 404 ரூபாய். மின்சாரத்துக்கு 50 ரூபாய். மிச்சம் 350 சொச்சம். போட்ட காசு திரும்பி வர ஏழு வருஷம்!

பேட்டரி கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. வாரண்டி முடிந்து ஒருநாள் புதிய பேட்டரிக்கு 60,000 ரூபாய் கொடுக்க வேண்டி வந்தால், தம்பி இரண்டரை வருஷச் சேமிப்பில் அதைக் கட்டிவிடுவான். எனக்குப் பதினாலு வருஷம் ஆகும். பேட்டரி ஓட்டினாலும் தேயும், ஓட்டாமல் வெயிலில் நிறுத்தி வைத்தாலும் தேயும். அதனால் குறைவாக ஓட்டுகிறவன் பேட்டரியைக் காப்பாற்றுகிறான் என்று சொல்ல முடியாது, அதன் ஆயுளை வீணாக்குகிறான் என்றுகூடச் சொல்லலாம்.

ஆக, அதிகம் ஓட்டுகிறவனுக்குத்தான் இந்த வண்டி. சாப்பாடு டெலிவரி செய்பவர், வீடு வீடாகப் போகும் எலக்ட்ரீஷியன், தினமும் 40 கி.மீ. போகிற என் தம்பி. அவர்களில் நிறைய பேர் வாடகைக்கு, மாடி போர்ஷனில், ப்ளக் இல்லாத பார்க்கிங்கோடு இருப்பவர்கள். சொந்த வீட்டு வாசலில் 15 ஆம்ப்ஸ் ப்ளக் வைத்திருக்கிற எனக்கு லாபம் பெயருக்குத்தான். இதுதான் இந்தக் கதையின் முடிச்சு.

ஹவுஸ் ஓனர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது

தம்பி போய்க் கேட்டதற்கு ஓனர் அம்மா சொன்ன பதில்: "ஈபி பில் எகிறிடும்ப்பா. அப்புறம் தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது?" கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. கணக்குப் போட்டதும் போய்விட்டது.

தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் மேல் படியின் விலை கூடுவது மட்டுமல்ல, 101-லிருந்து 200 வரைக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். 2022 செப்டம்பரில் வந்த அட்டவணையை வைத்துப் பார்க்கலாம் (பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது). அந்த மீட்டரில் 460 யூனிட் ஓடுகிறது, தம்பியின் வண்டி 70 யூனிட் சேர்க்கிறது, மொத்தம் 530. கூடும் தொகை: 40 யூனிட்டுக்கு 6 ரூபாய், 30 யூனிட்டுக்கு 8 ரூபாய், போன சலுகைக்கு 225. மொத்தம் 705. யூனிட்டுக்குப் பத்து ரூபாய்! பில்லைப் பார்த்து "சராசரி நாலு ரூபாதானே வருது" என்று தம்பி கொடுத்திருந்தால், மீதியை அந்த அம்மா கையிலிருந்து கட்டியிருப்பார்.

இதற்கு வழி சுலபம். ப்ளக்குக்கு ஒரு சப்-மீட்டர், சில நூறு ரூபாய்தான். யூனிட்டுக்கு 12 ரூபாய் என்று நாமே முன்வந்து சொல்லிவிட வேண்டும். 35 யூனிட்டுக்கு 420 ரூபாய். அப்போதும் தம்பிக்கு மாதம் 1,800 மிச்சம். இங்கே ஈபி ரேட்டுக்கு இழுபறி பண்ணுகிறவன், நாலைந்து ரூபாய்க்காக நாற்பது ரூபாயை விடுகிறான்.

தீ பயமும் கற்பனை இல்லை. 2022-இல் தமிழ்நாடு உட்படப் பல இடங்களில் வண்டிகள் எரிந்தன. அதற்குப் பிறகுதான் ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டது. அந்த விதிக்குப் பிறகு வந்த வண்டியாகப் பார்த்து வாங்குவது நல்லது. ஆனால் வீட்டில் நம் கையில் இருக்கிற ஆபத்து வேறு: ஒயர். சாதாரண சார்ஜர் 750 வாட், ஒரு அயர்ன் பாக்ஸ் அளவுதான். ஆனால் அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷம், இது நாலைந்து மணி நேரம். லூசான ப்ளக், மாடியிலிருந்து தொங்கவிட்ட எக்ஸ்டென்ஷன் கார்டு எல்லாம் அந்த நேரத்தில் உருகும். தனி ஒயர், சரியான எர்த், ஒரு எம்.சி.பி., மழை படாத இடம் - இந்த நாலும் இல்லாமல் சார்ஜ் போட வேண்டாம்.

ப்ளக் கிடைக்கவே இல்லையென்றால்?

கழற்றும் பேட்டரி உள்ள வண்டிகள் உண்டு, ஹீரோவின் விடா மாதிரி. ஆனால் ஒவ்வொரு பேட்டரியும் பத்து கிலோவுக்கு மேல். மூன்று மாடி தினமும் தூக்குவதற்கு முன் ஒருநாள் பத்து கிலோ அரிசி மூட்டையோடு ஏறிப் பார்த்துவிடுங்கள்.

தைவானில் இதே பிரச்சினைக்கு வேறு விடை கண்டார்கள். அங்கேயும் அடுக்குமாடி, அங்கேயும் தெருவோரப் பார்க்கிங். 2015-இல் கோகோரோ நிறுவனம் ஊரெங்கும் பேட்டரி மாற்றும் நிலையங்களை வைக்க ஆரம்பித்தது. காலி பேட்டரியைச் செருகினால் நிறைந்தது வெளியே வரும், ஒரு நிமிஷம்கூட ஆகாது. மாதச் சந்தா. வண்டியை விற்கும் முன் ப்ளக்கை யோசித்தார்கள்.

நம் ஊரில் எனக்கு நடைமுறையாகத் தோன்றுவது ஆபீஸ் பார்க்கிங். வண்டி அங்கே எட்டு மணி நேரம் சும்மா நிற்கிறது. வேகமான சார்ஜர் எதுவும் தேவையில்லை, சாதாரண ப்ளக் வரிசை போதும். பார்க்கிங்கில் பத்து ப்ளக் கேட்டு நாங்கள் ஒரு மெயில் போட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

ஓனர் அம்மாவோ சப்-மீட்டர் பேச்சைக் கேட்டதும், "ஒயர் செலவு உன்னோடதுன்னா போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டார். எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். தம்பி இன்னும் ஷோரூம் பக்கம் போகவில்லை, அதுதான் சரியான வரிசை. ரேஞ்ச் எவ்வளவு, டிஸ்ப்ளே எத்தனை இன்ச் என்று பார்ப்பதற்கு முன், ஒரு ராத்திரி உங்கள் வண்டி நிற்கிற இடத்துக்குப் போய் நின்று பாருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் சுவரில் ஒரு ப்ளக் இருக்கிறதா? இல்லையென்றால், முதல் செலவு அதற்குத்தான்.