டிராமிசு: தெம்பு தந்த இனிப்பு



இத்தாலி நாட்டில் டிராமிசு என்று ஓர் இனிப்பு உண்டு. 'என்னை மேலே தூக்கி விடு' என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். இனிப்புக்கு இப்படியும் ஒரு பேரான்னு தோணுதா? இதற்குப் பின்னால் ஒரு பச்சை உடம்புக்காரியின் கதை இருக்கிறது. அதை இந்த இதழில் பார்ப்போம்.

எங்கே பிறந்தது?

இத்தாலியின் வடகிழக்கில் திரெவிசோ என்று ஓர் ஊர். முட்டை மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, உடம்பு தேற வேண்டியவர்களுக்குக் கொடுப்பது அந்தப் பக்கத்து வீடுகளில் பழைய வழக்கம். அந்த ஊரில் 'லே பெக்கெரியே' என்ற உணவகத்தை நடத்தியவர் அல்பா கம்பேயோல். அவர் பிள்ளை பெற்றிருந்தபோது, தெம்பு வரணும்னு இதுபோன்ற ஒன்றைத்தான் கொடுத்தார்களாம். அந்த ருசியை வைத்து அவரும், கடையின் இனிப்பு மாஸ்டர் ராபர்ட்டோ லிங்குவானோட்டோவும் டிராமிசுவை உருவாக்கினார்கள் என்பது அந்தக் கடையின் வரலாறு. 1972-ல் அது உணவுப் பட்டியலில் சேர்ந்தது.

என்னென்ன சேரும்?

திரெவிசோ செய்முறையில் ஆறே பொருள்கள்தான்:

* முட்டை மஞ்சள் கரு 12
* சர்க்கரை அரை கிலோ
* மஸ்கர்போனே 1 கிலோ
* விரல் வடிவ பிஸ்கட் 60
* சர்க்கரை போடாத கடுங்காப்பி
* மேலே தூவ கோகோ தூள்

மஸ்கர்போனே என்பது பாலேட்டைச் சூடாக்கி, எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு விட்டு, துணியில் வடித்து எடுக்கும் மிருதுவான பாலாடைக் கட்டி.

மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நன்றாக அடித்து, மஸ்கர்போனேயைக் கலக்க வேண்டும். பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்து அடுக்கி, மேலே இந்தக் கலவையைப் பரப்பணும். மறுபடியும் இதேபோல் இன்னொரு அடுக்கு. குளிர வைத்து, கோகோ தூவினால் முடிந்தது.

ஒரு எச்சரிக்கை

இதில் முட்டை வேகுவதில்லை. பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அதனால் கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் இப்படிச் சாப்பிடக் கூடாது. மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் கொதிக்கும் தண்ணீரின் ஆவிமேல் வைத்து, 71 டிகிரி செல்சியஸ் சூடு வரும்வரை கைவிடாமல் அடித்தால் பயமில்லை.

யாருக்குச் சொந்தம்?

அல்பா குடும்பத்தார் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் பக்கத்து மாநிலமான ஃப்ரியூலி-வெனிசியா ஜூலியா, "எங்கள் ஊர் விடுதியில் நோர்மா பியெல்லி என்ற பெண் 1950-களிலேயே செய்தார்" என்று உரிமை கேட்டது. திரெவிசோ செய்முறை நோட்டரி முன்பாகப் பதிவானதே 2010-ல்தான். 2017-ல் இத்தாலி அரசு, பாரம்பரிய உணவுப் பட்டியலில் டிராமிசுவை ஃப்ரியூலியின் பெயரில் சேர்த்தது. திரெவிசோக்காரர்களுக்கு ரொம்ப வருத்தம்!

சகோதரிகளே, உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு என்ன செய்து கொடுப்பீங்க? அந்தப் பக்குவத்தை அளவோடு, சொல்லிக் கொடுத்தவர் பெயரோடு, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.