பெட்டியில் அரை கிலோ இடம்... பழைய கேமராவுக்குத் தரலாமா?

பாஸ்போர்ட் வந்தாச்சு. விசாவும் குத்தியாச்சு. பருப்புப்பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் எல்லாத்தையும் அம்மா எடை மெஷினில் ஏற்றி ஏற்றி இறக்கியாச்சு. கடைசியில் மிச்சம் இருப்பது அரை கிலோ. அந்த அரை கிலோவுக்குத்தான் இப்போது வீட்டில் பஞ்சாயத்து!

பீரோ மேல்தட்டில், கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்தில், ரெக்ஸின் உறைக்குள் ஒண்ணு தூங்கிக்கிட்டு இருக்குமே... அப்பாவின் யாஷிகா. இல்லைன்னா மாமா வாங்கிக் கொடுத்த கோடக் கே.பி.10. அக்கா மொட்டை போட்டது, தாத்தா தோளில் உட்கார்ந்து அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்தது என்று குடும்ப வரலாற்றில் பாதி அதற்குள் போய் வெளியே வந்ததுதான். 'ஒரு செமஸ்டர் ஜப்பான் போறோம், ஜெர்மனி போறோம். இதையும் தூக்கிட்டுப் போனா என்ன?' என்று நமக்கு ஓர் ஆசை.

''அதான் கையில போன் இருக்குல்ல? அந்த டப்பாவை எதுக்குடா சுமந்துக்கிட்டு?'' - இது அப்பா.

''கொண்டு போறது சரி... பத்திரமா திருப்பிக் கொண்டாந்துருவியா?'' - இது அம்மா.

கேட்டவுடன் அப்பா கேள்விதான் நியாயமாகத் தெரியும். ஆனா பாஸ், விஷயம் இருப்பது அம்மா கேள்வியில்! அதைப் புரிந்துகொள்ள நம்ம பக்கத்து ஆள் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

கோட்டையூர்க்காரர் கொண்டுவந்த சுருள்

மதுரையில் பஸ் ஏறி மேலூர், திருப்பத்தூர் தாண்டினால் காரைக்குடி. அதை ஒட்டியே கோட்டையூர். 1911-ல் அங்கே பிறந்தவர் ஏ.கே.செட்டியார். தமிழில் பயண எழுத்து என்றதும் முதலில் சொல்ல வேண்டிய பெயர். 'உலகம் சுற்றும் தமிழன்' இவர் எழுதிய புத்தகம்தான். 1940-ல் வந்தது. எம்.ஜி.ஆரின் 'வாலிபன்' 1973-ல்தான் உலகம் சுற்றக் கிளம்பினார்!

செட்டியார் சும்மா கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிய டூரிஸ்ட் இல்லை. டோக்கியோவுக்குப் போய் போட்டோகிராபி படித்தார். அது போதாதென்று நியூயார்க்கிலும் படித்தார். 1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டு இருக்கிறார். அன்றைக்கு காந்தி பிறந்தநாள். காந்தியைப் பற்றி ஒரு டாகுமென்டரி எடுத்தால் என்ன என்ற யோசனை நடுக்கடலில் வருகிறது. அப்போது அவருக்கு 26 வயதுகூட நிரம்பவில்லை. நம்ம ஃபைனல் இயர் சீனியர்களைவிட நாலு வயசு கூட, அவ்வளவுதான்.

நாமாக இருந்தால் யோசனையை நண்பனுக்கு மெசேஜ் போட்டுவிட்டுத் தூங்கியிருப்போம். மனுஷன் கிளம்பிவிட்டார்! நான்கு கண்டங்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் மைல். காந்தி வாழ்ந்த தென்னாப்பிரிக்கா, வட்டமேஜை மாநாட்டுக்குப் போன இங்கிலாந்து என்று அலைந்தார். உலகத்து கேமராக்கள் எல்லாம் துரத்தித் துரத்திப் பிடித்த அந்த அரையாடைக் கோலம் பிறந்தது 1921 செப்டம்பரில், நம்ம மேலமாசி வீதியில்தான் என்பது மதுரைக்காரர்களுக்குத் தனிப் பெருமை. முப்பது வருஷ காலத்தில் சுமார் நூறு கேமராமேன்கள் எடுத்துவைத்த பிலிமை எங்கெங்கோ தேடிச் சேர்த்தார் செட்டியார். மொத்தம் 50,000 அடி. அதை வெட்டி ஒட்டி 12,000 அடியில் காந்தி டாகுமென்டரி தயார். 1940 ஆகஸ்ட்டில் சென்னையில் ரிலீஸ்.

இங்கே நம்ம இன்ஜினீயரிங் புத்தி சும்மா இருக்குமா? எல்லாமே 35 எம்.எம். பிலிம் என்று வைத்துக்கொள்வோம். பேசும்பட வேகத்தில் அது நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். அப்படியானால் 50,000 அடி, ஒன்பது மணி நேரத்துக்கு மேல்! எடை? ஆயிரம் அடிச் சுருள் தோராயமாக இரண்டேகால் கிலோ. ஆக, நூற்றுப்பத்து கிலோவைத் தாண்டுகிறது. தகர டப்பா எடை தனி. அந்தக் காலத்து சினிமா பிலிம் நைட்ரேட் ரகம் வேறு, பொசுக்கென்று தீப்பிடிக்கும். இதெல்லாம் உலகப்போர் மூண்டுகொண்டு இருந்த காலத்தில்!

கவனிச்சீங்களா? அவர் எடுத்ததைவிட, அடுத்தவர்கள் எடுத்ததைக் கொண்டுவந்து சேர்த்ததுதான் பெரிய வேலை. பிலிமைப் பொறுத்தவரை கிளிக் பண்ணுவது கால்வாசிதான். அது வீடு வந்து, கழுவி, கண்ணால் பார்க்கிற வரைக்கும் போட்டோ உங்களுடையது இல்லை.

ஸ்கேனர் என்கிற வில்லன்

கப்பலில் போன செட்டியாருக்கு இல்லாத ஒரு வில்லன் நமக்கு உண்டு. விமான நிலைய ஸ்கேனர்! பிலிமின் மேல் பூசியிருப்பது வெள்ளி உப்புப் படிகங்கள். வெளிச்சம் பட்டால் அதில் மாற்றம் வரும், அதுதான் படம். எக்ஸ்ரே பட்டாலும் அதே மாற்றம் வரும், அதுதான் வம்பு. கழுவிப் பார்த்தால் மார்கழி மாசத்து விடிகாலை மாதிரி படம் முழுக்கப் பனிமூட்டமாக இருக்கும்.

கைப்பையைப் பார்க்கிற பழைய ரக எக்ஸ்ரே மெஷின் பரவாயில்லை. ஐ.எஸ்.ஓ 200, 400 பிலிம்கள் ஒன்றிரண்டு தடவை தாங்கிவிடும். 800-ம் அதற்கு மேலும் என்றால் ரிஸ்க். ஆனால், செக்-இன் பெட்டிகளைப் பார்க்கிற மெஷின்களின் வீரியமே வேறு. கழுவாத பிலிமைப் பெரிய சூட்கேஸில் போட்டு அனுப்பினால் கதை முடிந்தது. இப்போது வெளிநாட்டு ஏர்போர்ட்கள் பலவற்றில் கைப்பைக்கே சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் பண்ணுவார்களே, அதே தத்துவம். 'அதற்குள் கழுவாத பிலிமை விடாதீர்கள்' என்று கோடக் கம்பெனியே எச்சரித்திருக்கிறது. மதுரையிலிருந்து ஜப்பானுக்கோ ஜெர்மனிக்கோ நேராகப் பறக்க முடியாது. வழியில் இறங்கி மாற வேண்டும். போக, வர என்று எத்தனை செக்யூரிட்டி என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

தப்பிக்க ஒரு வழி, கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்பது. அமெரிக்க ஏர்போர்ட்களில் அப்படிக் கேட்க அனுமதி இருக்கிறது. மற்ற ஊர்களில் அந்த நேரத்தில் நிற்கிற அதிகாரியின் மனசுதான்.

''சார், இது கழுவாத பிலிம் ரோல். மெஷின்ல போடாம கையால செக் பண்ணிக் குடுங்க சார்...''

''பிலிமா? இன்னுமா தம்பி இதெல்லாம் விக்கிறாங்க?''

இப்படி ஒரு டயலாக்குக்கு ரெடியாக இருங்கள். சிரித்துக்கொண்டே, கூட்டம் சேருவதற்கு முன்னால் கேட்க வேண்டும். ரோல்களை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையில் தனியாக வைத்திருந்தால் அவருக்கும் வேலை சுலபம். கேமராவுக்குள் ரோலை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கவே நிற்காதீர்கள். 'திறந்து காட்டுப்பா' என்று சொன்னால் எல்லாம் காலி. ஈயம் பூசின பை விற்கிறார்களே என்று கேட்கலாம். ஸ்கேனரில் அது கன்னங்கரேலென்று ஒரு கட்டியாகத் தெரியும். அப்புறம் பையைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்க்காமல் விடுவார்களா?

இதையெல்லாம்விட நல்ல வழி ஒன்று உண்டு. பிலிமை அங்கேயே வாங்குங்கள், அங்கேயே கழுவிவிடுங்கள். கழுவி முடித்த பிலிமை எந்த எக்ஸ்ரேயாலும் அசைக்க முடியாது. போகும்போது வெறும் கேமரா, வரும்போது நெகட்டிவ். வில்லனுக்கு சீனே இல்லை!

ஒரு கிளிக் என்ன விலை?

அப்பாவின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டுமே. ரோல் விலை, கழுவுகிற கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்து 36-ஆல் வகுத்தால், இன்றைய நிலவரத்தில் ஒரு கிளிக்குக்கு நாற்பது ரூபாய் பக்கம் வந்து நிற்கும். கடைக்குக் கடை மாறும், ஆனாலும் டீ, வடையைவிடக் காஸ்ட்லி. ஒரு காலத்தில் நம்ம ஊட்டியிலேயே பிலிம் தயாரானது. 1960-ல் ஆரம்பித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனி 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் செய்து விற்றது. அதுவும் மூடியாகிவிட்டது. இன்றைக்கு கலர் ரோல் எல்லாம் கப்பலேறி வருவதுதான். விலை ஏறாமல் என்ன செய்யும்?

அதனால், போனை வீட்டில் வைத்துவிட்டு பிலிமை மட்டும் நம்பிப் போகிற வீரம் வேண்டாம். இதில் சின்ன ஆள், பெரிய ஆள் வித்தியாசம் இல்லை. கோடக் கம்பெனி 'கோடாக்ரோம்' பிலிமை 2009-ல் நிறுத்தியபோது, தயாரான கடைசி ரோலை ஸ்டீவ் மெக்கரியிடம் கொடுத்தார்கள். பச்சைக் கண்ணோடு முறைத்துப் பார்க்கும் ஆப்கன் பெண் படத்தை எடுத்தவர். அந்த ஒரே ரோலோடு 2010-ல் நியூயார்க், இந்தியா, துருக்கி என்று சுற்றினார். அவ்வளவு அனுபவசாலியே டிஜிட்டல் கேமராவில் முதலில் எடுத்துப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் பிலிமில் விரல் வைத்தார். முடித்ததும் ரோலைக் கழுவ அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் இருந்த சின்ன ஊருக்குப் போனார். ஏனென்றால், அந்த ரகத்தைக் கழுவுகிற லேப் உலகத்திலேயே அது ஒன்றுதான் மிச்சம். அந்த வருஷக் கடைசியோடு அங்கேயும் நிறுத்திவிட்டார்கள்.

நமக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. சாதாரண கலர் நெகட்டிவ் பிலிம் கழுவ ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இன்றும் லேப்கள் உண்டு.

பீரோவை விட்டு இறக்கியதும்...

எடுத்தவுடன் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். வருஷக்கணக்கில் உள்ளே விட்ட பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கலாம். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை. பின்கதவு ஓரத்துக் கறுப்பு ஸ்பாஞ்ச், தொட்டால் தார் மாதிரி விரலில் ஒட்டும். அது போய்விட்டால் வெளிச்சம் உள்ளே கசிந்து ரோல் முழுக்கக் கோடு விழும். மாற்றுவது பெரிய செலவில்லை. பழைய கேமரா ரிப்பேர் பார்க்கிற அண்ணன்கள் அருகிப்போனார்கள், அவ்வளவுதான். தேடிக் கண்டுபிடியுங்கள்.

பிறகு, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு ரோலை ஊரிலேயே சுட்டுப் பார்த்துவிட வேண்டும். தெப்பக்குளத்தில் ஒன்பது, யானைமலையில் ஒன்பது, புதுமண்டபத்து நிழலில் ஒன்பது, வீட்டுக்குள் டியூப்லைட்டில் ஒன்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் வெயிலில் எந்த கேமராவும் ஹீரோதான். நிழலில்தான் சாயம் வெளுக்கும். டிசம்பர் மாச ஜெர்மனியில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும். கே.பி.10 மாதிரி எளிய கேமராவோடு அங்கே போகிறவர்கள் 400-க்குக் குறைந்த ரோலைத் தொட வேண்டாம்.

இப்போது முடிவுக்கு வருவோம். பத்து நாளில் அஞ்சு நாடு என்று பேக்கேஜ் டூர் போகிறீர்களா? கேமராவைத் தொந்தரவு பண்ணாதீர்கள், தூங்கட்டும். அஞ்சு ஏர்போர்ட் ஸ்கேனரில் அடிபட்டு, கழுவ நேரமில்லாமல், ஈஃபில் டவரைப் பனிமூட்டத்தில் கொண்டுவருவதற்கு போனே போதும். ஒரு செமஸ்டர், ஒரு வருஷம் என்று ஒரே ஊரில் தங்கப் போகிறீர்களா? என் ஓட்டு கேமராவுக்கு! ஆனால் கட்டடங்களுக்கு வேண்டாம், அதெல்லாம் போஸ்ட் கார்டிலேயே அழகாக இருக்கிறது. அறைத்தோழன், கடைக்கார அம்மா, உங்களுக்கு அந்த ஊர் மொழியில் எண்ணச் சொல்லிக்கொடுத்த தாத்தா... முப்பத்தாறையும் இவர்களுக்குச் செலவழியுங்கள்.

கடைசியாக ஒன்று. செட்டியாரின் காந்தி படம் என்ன ஆனது தெரியுமா? சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தி விளக்கத்தோடு டெல்லியில் ஓடியது. 1953-ல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் வந்தது. பிற்பாடு ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி தேடிப் போனபோது, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது ஆங்கிலப் படம்தான். ஒரு லட்சம் மைல் அலைந்து, தமிழில் முதலில் எடுத்த படம் கைக்கு வரவில்லை. அதை எடுத்த கதையைச் செட்டியாரே எழுதிய 'அண்ணல் அடிச்சுவட்டில்' புத்தகமாக இருக்கிறது. கல்லூரி லைப்ரரியில் கேட்டுப் பாருங்கள்.

அதனால், வெளிநாட்டு லேபில் ரோலைக் கொடுக்கும்போதே 'நெகட்டிவும் வேணும்' என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். சில இடங்களில் கேட்காவிட்டால் ஸ்கேனை மட்டும் மெயிலில் அனுப்பிவிட்டு, நெகட்டிவைக் கொஞ்ச நாளில் குப்பையில் போட்டுவிடுவார்கள். வந்த ஸ்கேனை அன்றைக்கே வீட்டுக்கும் ஒரு காப்பி அனுப்புங்கள். நெகட்டிவை உறையில் போட்டு, ஊரும் மாசமும் எழுதி, ஊருக்கு வரும்போது கைப்பையிலேயே வையுங்கள்.